பென்னிகுயிக் கட்டியதும் கட்டாததும்

ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வருவதில்லை. மேகமலைச் சரிவிலிருந்து வரும் சண்முகாநதியும் கிணறுகளுமே எங்களுக்கு ஆதாரம். ஆயினும் ஜனவரி 15 அன்று கம்பம் பள்ளத்தாக்கு ஜான் பென்னிகுயிக்கின் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கும்போது எங்கள் ஊர் விலகி நிற்பதில்லை. கீழே கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வயல் விளைந்தால்தான் இந்தப் பக்கத்துச் சந்தையில் காசு புழங்கும்.

அவர் பிறந்தது 1841இல், புனேயில். எட்டு வயது நிறைய இரண்டு நாள்கள் இருக்கையில் தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில், சிலியன்வாலா போர்க்களத்தில் இழந்தார். இங்கிலாந்தில் ராணுவப் பொறியியல் பயின்று, 1860இல் இந்தியாவுக்குத் திரும்பிச் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தார்.

மேற்கே அரபிக் கடலுக்குச் செல்லும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் எண்ணம் அவருடையதன்று. 1789இலேயே ராமநாதபுரத்துப் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை ஆள் அனுப்பி ஆராய்ந்தார், பணமின்றிக் கைவிட்டார். 1808இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று முடிவுகட்டினார். தாது வருடப் பஞ்சம் அரசின் மனத்தை மாற்றியது. 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது.

1887இல் வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையில் எழுந்த அணையை 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். அரசு கைவிரித்ததால் பென்னிகுயிக் தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது இங்கு வழங்கும் கதை. நன்றியுணர்வு பெற்றெடுத்த கதை அது. செலவை ஏற்றது சென்னை மாகாணக் கருவூலம். கதையை நீக்கினாலும் அவருடைய உயரம் குறையாது. பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்து, 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் என் கவனம் வேறொன்றின்மீது செல்கிறது. வேலை தொடங்குமுன், 1886 அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் அரசும் பிரிட்டிஷ் அரசும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். பிணக்கு வந்தால் நடுவரிடம் செல்ல வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவு வெறும் அலங்காரமன்று. அத்தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கில், பாசனத்துக்கு மட்டுமே உரிமை உண்டு என்று 1941இல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி தீர்ப்பளித்தார். பேரரசின் மாகாணம் ஒரு சமஸ்தானத்திடம் தோற்றது!

பேரரசு போனது, சமஸ்தானமும் போனது. அணை கேரளத்திலும் பாசன நிலம் தமிழ்நாட்டிலுமாக ஆயின. இரு மாநிலங்கள் மோதினால் யாரிடம் செல்வது? 1787இல் பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்கர்கள் இந்தக் கேள்விக்கு விடை எழுதினர்: மாநிலங்களுக்கு இடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும். அவ்வழியில்தான் அர்கன்சாஸ் ஆற்று நீருக்காகக் கொலராடோமீது கான்சாஸ் தொடுத்த வழக்கில் 1907இல் தீர்ப்பு வந்தது. நம் அரசமைப்பின் 131ஆம் கூறும் அத்தகைய வழியையே திறந்துவைத்திருக்கிறது.

2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்க அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டமியற்றியது. தமிழ்நாடு 131ஆம் கூற்றின்கீழ் வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அச்சட்டத்தை நீக்கியது. இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் முடிவுசெய்த ஒன்றைச் சட்டமன்றம் சட்டம் போட்டு அழிக்க இயலாது. அது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். 1886 குத்தகை இன்றும் செல்லும் என்பதையும் அது உறுதிசெய்தது.

இதை நம் வெற்றி என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் உறங்குகிறவர்களின் அச்சம் மெய்யானது. அவர்களிலும் தமிழர் ஏராளம். 2011 டிசம்பரில் குமுளிச் சாலை மூடப்பட்டபோது ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றிருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் மலைப்பாதையில் நடந்தே இறங்கினார்கள். அந்த நாள்களில் இரு பக்கத்தாரும் ஒரே கூரையின்கீழ் பேச எஞ்சியிருந்த இடம் நீதிமன்றம்தான்.

சென்ற பொங்கலுக்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொன்னேன். தீர்ப்பு நமக்கு எதிராக வந்திருந்தால் என்ன செய்திருப்போம் ஐயா என்று ஒரு சிறுமி கேட்டாள். ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் அம்மா என்றேன். அவள் முகத்தில் நிறைவில்லை. அவளுடைய தந்தைக்குச் சின்னமனூர்ப் பக்கம் வயல் இருக்கிறது.