ஐசக் மெரிட் சிங்கர்

ஐசக் மெரிட் சிங்கர் (அக்டோபர் 27, 1811 – ஜூலை 23, 1875) ஓர் அமெரிக்க இயந்திர வல்லுநரும் நாடக நடிகரும் தொழிலதிபரும் ஆவார். தையல் இயந்திரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரே எனப் பலரும் கருதுவர். ஆனால் அது சரியன்று. முன்பே சிலர் செய்திருந்த இயந்திரங்களின் குறைகளைக் களைந்து, பட்டறையில் இடைவிடாது உழைக்கக்கூடிய உறுதியான இயந்திரத்தை அமைத்ததே இவரது பங்களிப்பாகும். தோல், கித்தான் போன்ற தடித்த பொருட்களைத் தைக்கும் பிற்கால இயந்திரங்களுக்கும் அவ்வமைப்பே அடிப்படையாயிற்று.

இளமை

சிங்கர் நியூயார்க் மாநிலத்தின் பிட்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை செருமனியில் இருந்து குடியேறியவர். பன்னிரண்டாம் வயதில் வீட்டை விட்டு வெளியேறிய சிங்கர், பின்னர் இயந்திரப் பட்டறையில் தொழில் பயின்றார். எனினும் நாடகத்திலேயே இவரது நாட்டம் இருந்தது. 1839 இல் பாறை துளைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்று, அதனை 2,000 டாலருக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டு நாடகக் குழு ஒன்றை நடத்தினார். பணம் தீர்ந்ததும் குழு கலைந்தது. பிறகு இவர் உருவாக்கிய எழுத்துச் செதுக்கும் இயந்திரம் நியூயார்க்கில் நிகழ்ந்த கொதிகலன் வெடிப்பில் அழிந்தது.

தையல் இயந்திரம்

1850 இல் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்சு என்பவரின் பட்டறையில் சிங்கர் பணியாற்றினார். அங்கு லெரோ – பிளாட்ஜெட் வகைத் தையல் இயந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. அவற்றின் ஓடம் வட்டமாகச் சுழன்றதால் நூல் முறுக்கேறி அறுந்தது. ஊசியோ வளைந்ததாக இருந்தது. ஓடம் நேர்கோட்டில் முன்னும் பின்னும் செல்ல வேண்டும், நேரான ஊசி மேலும் கீழும் இயங்க வேண்டும் எனச் சிங்கர் கருதினார். ஜார்ஜ் சீபர் என்பவர் கொடுத்த 40 டாலரைக் கொண்டு பதினொரு நாட்களில் மாதிரியைச் செய்து முடித்ததாகக் கூறப்படுகிறது. ஆகஸ்ட் 12, 1851 அன்று இதற்குக் காப்புரிமம் (எண் 8,294) வழங்கப்பட்டது.

துணியைக் கிடையாகத் தாங்கும் மேடை, அதன்மேல் நீளும் உறுதியான கை, துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், துணியை நகர்த்தும் பற்சக்கரம் ஆகியன இதில் ஒருங்கே அமைந்தன. எலியாசு ஓவின் 1846 ஆம் ஆண்டு இயந்திரத்தில் துணியைத் தகடொன்றில் செங்குத்தாக மாட்ட வேண்டியிருந்தது. தகட்டின் நீளம் முடிந்ததும் நிறுத்தி மீண்டும் மாட்ட வேண்டும். சிங்கரின் இயந்திரத்தில் எத்தனை நீளமான தையலையும் நிறுத்தாமல் போடவும், துணியைத் திருப்பி வளைவாகத் தைக்கவும் முடிந்தது. காலால் மிதித்து இயக்கியதால் இரு கைகளும் துணியைப் பிடிக்கக் கிடைத்தன.

வழக்கும் வணிகமும்

உதவிய கூட்டாளிகள் இலாபத்தில் நிலைக்கவில்லை. பெல்ப்சு விரைவில் விலக்கப்பட்டார். நோயுற்றிருந்த சீபர் தமது பங்கை 6,000 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். வழக்கறிஞர் எட்வர்டு கிளார்க் கூட்டாளியானார். நுனியில் துளையுடைய ஊசியும் ஓடமும் இணைந்து போடும் பூட்டுத் தையலுக்குக் காப்புரிமம் வைத்திருந்த ஓவ் வழக்குத் தொடுத்து வென்றார். 1854 இல் சிங்கர் 15,000 டாலர் செலுத்தினார். 1856 இல் ஓவும் மூன்று நிறுவனங்களும் காப்புரிமங்களை ஒன்றாகத் திரட்டிக்கொண்டன. அதே ஆண்டில் கிளார்க் தவணை முறை விற்பனையைத் தொடங்கினார். முதல் இயந்திரங்கள் வீட்டிற்குப் பெரும்பாரமாக இருந்தமையால், இலேசான வீட்டு வகைகளும் அதன்பின் வெளிவந்தன.

இறுதிக்காலம்

சிங்கருக்குப் பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தனர். இது வெளிப்பட்டதால் 1860 இல் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்தது. 1863 இல் கூட்டாண்மை கலைக்கப்பட்டு, சிங்கர் உற்பத்தி நிறுவனம் உருவாயிற்று. இங்கிலாந்தின் பெயின்டன் நகரில் மாளிகை எழுப்பி வந்த சிங்கர், அது முடிவதற்கு முன்பே அங்கு காலமானார்.

தடித்த பொருட்களுக்கான இயந்திரங்கள்

சிங்கரின் மறைவிற்குப் பின் அவரது நிறுவனம் வெளியிட்ட 29 ஆம் வகை இயந்திரம் காலணி பழுதுபார்ப்போரிடையே பெயர்பெற்றது. அதன் பாதமே தோலை நகர்த்தும். பாதத்தை எத்திசையிலும் திருப்பலாம். ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களில் நடப்பது போன்ற தடித்த வேலைக்கு இயந்திரம் தெரிவு செய்வோர் பாதம் உயரும் அளவு, ஏற்கும் ஊசி – நூலின் பருமன், தையலின் நீளம் ஆகியவற்றைப் பார்ப்பர். அடிப்பல் மட்டும் துணியை நகர்த்தினால் மேலடுக்கு பின்தங்கும். ஆகவே பாதமும் ஊசியும் சேர்ந்து நகரும் வகை பல அடுக்குகளுக்கு ஏற்றது. வீட்டு இயந்திரம் சில அடுக்குகளைத் துளைத்தாலும் அன்றாடம் அவ்வேலையைத் தாங்காது.

தமிழர் வாழ்வில்

இலங்கையில் சிங்கர் நிறுவனம் 1877 இல் கால்பதித்தது. 1924 இல் தில்லியில் இயந்திரங்கள் குறித்து, பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன் வினவியபோது, காந்தி தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்பது காந்தியின் கருத்து. சிங்கரின் வரலாறு இதற்குச் சான்று தரவில்லை. அவர் நாடியது வருவாயையே.