செடிகளுக்கு ஊர் கேட்ட அம்மையார்

சென்ற பொங்கல் விடுமுறைக்குப் பவானிக் கரையிலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். முதுகலைத் தேர்வு முடிந்ததும் ஆராய்ச்சிக்குச் சேர விரும்புவதாகத் தந்தையாரிடம் கூறினேன். என்ன ஆராய்ச்சி என்றார். வெப்பமும் குளிரும் மழையும் எந்தச் செடியை எங்கே வாழ வைக்கின்றன என்று அறிவது என்றேன். செடி முளைக்கிற இடத்தில் முளைத்துவிட்டுப் போகிறது, அதைப் பார்க்க ஒரு பெண் இன்னும் ஐந்து ஆண்டு பெங்களூரில் இருக்க வேண்டுமா என்று கேட்டார். நல்ல வரன் ஒன்று வந்திருப்பதையும் சொன்னார். அன்று நான் வாய் திறக்கவில்லை. அதற்குரிய விடை ஓர் அம்மையாரின் வாழ்க்கையில் இருப்பது பெங்களூர் திரும்பும் ரயிலில்தான் நினைவுக்கு வந்தது. மாணவ நண்பர்களே, அவ்வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன்.

எடவலத் கக்காட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தையார் நீதிபதி, பறவைகளிலும் இயற்கையிலும் நாட்டமுள்ளவர். பெரிய குடும்பம். உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராக மணமாகிச் செல்ல, ஜானகி அம்மையார் சென்னைக்குப் படிக்கச் சென்றார். இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று தாவரவியலில் பட்டம் பெற்றார். பின் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையானார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் உதவித்தொகை அளித்தபோது கடல் கடந்தார். 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியப் பெண்கள் பள்ளி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது!

1934இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1912இல் அந்நிலையத்தை அங்கே நிறுவியதற்கு ஒரு காரணம் உண்டு. கரும்பு எல்லா ஊரிலும் பூப்பதில்லை. வட இந்தியக் குளிரில் பூத்து விதை கட்டுவது மிக அரிது. கோவையின் தட்பவெப்ப நிலையிலோ அது தாராளமாகப் பூக்கிறது. பூத்தால்தானே ஓரினத்தை மற்றோரினத்தோடு கலக்க முடியும்? வெப்ப நாட்டுத் தடித்த கரும்பு இனிப்பு மிக்கது. ஆனால் வடக்கின் பனியைத் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டு நாணலுக்கு இனிப்பில்லை. ஆனால் எந்த இன்னலையும் தாங்கும். பார்பரும் வெங்கடராமனும் இவ்விரண்டையும் கலந்து உண்டாக்கிய கோ. 205 என்னும் கரும்பு 1918இல் பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது.

ஜானகி அம்மையார் அந்த நாணலின் உள்ளே புகுந்து பார்த்தார். பல இடங்களில் விளைந்த நாணல்களைத் திரட்டி, அவற்றின் உயிரணுவிலுள்ள குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். ஒரே நாணல்தான், ஆனால் இடத்துக்கு இடம் எண்ணிக்கை வேறு. நாற்பதிலிருந்து நூற்று இருபத்தெட்டு வரை அந்த எண் மாறுவதை இன்று அறிவோம். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்தும் பார்த்தார். நம் பெங்களூரில் சர் சி. வி. இராமன் 1934இல் தோற்றுவித்த இந்திய அறிவியல் அகாதமி, அடுத்த ஆண்டே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1940இல் போர் நடுவே இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் பணியேற்றார். டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பிறகு விஸ்லித் தோட்டத்தில் பணியாற்றினார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா வகை ஒன்று இன்றும் உண்டு. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

அவருடைய கருத்துகளில் என்னை மிகவும் ஈர்த்தது இமயத்தைப் பற்றியது. இமயத்தின் வடமேற்கும் குளிர், வடகிழக்கும் குளிர். ஆனால் மேற்கே வறட்சி, கிழக்கே ஈரம். ஈரம் மிக்க கிழக்கில் புதிய செடியினங்கள் மிகுதியாகத் தோன்றியுள்ளன. ஏன்? குரோமோசோம் தொகுதி இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெருகுவதைப் பன்மடியம் என்பர். அப்பன்மடியமே இதற்குக் காரணம் என்று அம்மையார் கூறினார். சீனத்துச் செடிகளும் மலாய் நாட்டுச் செடிகளும் அங்கே நம் செடிகளோடு கலந்ததும் மற்றொரு காரணம் என்றார். வானிலை செடிக்கு வெளியே நின்று இடம் ஒதுக்குவதோடு நிற்பதில்லை. செடியின் உள்ளமைப்போடும் அதற்கு உறவு உண்டு என்பதை இதிலிருந்து நான் கற்றேன்.

ஓய்வு பெற்ற பின் அவர் சும்மா இருக்கவில்லை. 1970இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் பணி செய்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டை மூழ்கடிக்கவிருந்த மின் திட்டத்தை எண்பது வயதிலும் எதிர்த்தார். அத்திட்டம் 1983இல் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

அம்மையார் மணவாழ்வை நாடவில்லை. எல்லோரும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தமக்கு வேண்டியது எது என்று அவரே முடிவு செய்தார். அதையே நான் போற்றுகிறேன். உலகம் சூடேறி வரும் இந்நாளில் செடிகள் குளிர் தேடி மலையில் மேலேறுகின்றன. உச்சியை அடைந்தபின் அவை எங்கே போகும்? இதை ஆராய்வது வீண் வேலையாகுமா?

சென்ற வாரம் தந்தையாருடன் தொலைபேசியில் பேசினேன். நம் வயலில் நிற்கும் கோ. 86032 கரும்பு அதே கோவை நிலையத்தில் பிறந்தது, அந்நிலையத்தின் கரும்புகளிலே நாணலின் இரத்தம் ஓடுகிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். வரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்லவில்லை. நேற்று அவரே அழைத்தார். வாய்க்கால் கரையில் நாணலை வெட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு புதரை மட்டும் நான் வந்து பார்ப்பதற்காக விட்டு வைத்திருக்கிறாராம்.