தவளைக் கால் காட்டிய வழி

டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தமான் கடற்காற்றில் யாருக்கும் வியர்க்கும். என் உள்ளங்கைகளோ ஊற்றுக் கண்கள்! தேர்வுத் தாளில் மை கரையும். கைகுலுக்க வரும் நண்பனைக் கும்பிட்டுத் தப்பிப்பேன். சென்ற ஆண்டு மருத்துவர் ஒருவர், இரு தட்டுகளில் குழாய்த் தண்ணீர் வைத்து, கைகளை அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சையைச் சொன்னார். தண்ணீரும் கரண்டுமா என்று அம்மா பதறினாள். அம்மின்னோட்டத்துக்குக் கால்வானிக் என்ற பெயரும் உண்டு என அறிந்து, பெயருக்குரியவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நண்பர்களே, அதை உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

லூயிஜி கால்வானி 1737ஆம் ஆண்டு இத்தாலியின் போலோனா நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் பயின்று, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கூற்று ஆசிரியரானார். தம் ஆசிரியரின் மகள் லூச்சியாவை மணந்தார். அவ்வம்மையார் ஆராய்ச்சியிலும் அவருக்குத் துணை நின்றவர்.

ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், அறுத்து வைத்திருந்த தவளையின் நரம்பைக் கத்திமுனை தொட்ட கணம், அருகிருந்த மின் இயந்திரத்தில் பொறி பறந்தது. உயிரற்ற கால் துடித்தது! வேடிக்கையென்று விட்டுவிடாமல் கால்வானி ஆண்டுக்கணக்கில் அதையே ஆராய்ந்தார். பித்தளைக் கொக்கியில் மாட்டிய கால், இரும்பைத் தொட்டபோது இயந்திரமின்றியே துடிக்கக் கண்டார். உயிரினத்தின் உடலிலேயே மின்சாரம் உண்டு என முடிவு செய்து, 1791இல் லத்தீனில் வெளியிட்டார். அதைக் காண லூச்சியா இல்லை. அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

வோல்ட்டா என்னும் பேராசிரியர் அதை மறுத்தார். இரு உலோகங்களின் சேர்க்கையே மின்சாரத்தைத் தந்தது என்றார். கால்வானியோ உலோகமே இன்றி, நரம்பைத் தசையில் தொடவைத்துத் துடிப்பைக் காட்டினார். இருவர் பக்கமும் உண்மை இருந்தது. வோல்ட்டா வழியில் 1800இல் மின்கல அடுக்கு வந்தது. கால்வானி வழியில் நரம்பின் மின்சாரம் தெரிந்தது.

ஆனால் அம்மின்கல அடுக்கைக் காணக் கால்வானிக்குக் கொடுத்து வைக்கவில்லை. நெப்போலியன் அமைத்த புதிய குடியரசு, பேராசிரியர்கள் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றது. தம் மனச்சான்றுக்கு ஒவ்வாததை அவர் செய்யவில்லை. வேலை போயிற்று, வருவாயும் போயிற்று. 1798 டிசம்பர் 4ஆம் நாள், பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

வியர்வைக்கு இம்முறையை ஜப்பானில் இச்சிஹாஷி 1936இல் எழுதினார். அமெரிக்காவில் லெவிட் 1968இல் எளிய கருவியை விளக்கினார். வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போல, சில மில்லி ஆம்பியர் முதல் இருபது வரை. மோதிரத்தைக் கழற்ற வேண்டும். காயத்தில் வாசலைன் தடவ வேண்டும். இதய முடுக்கி பொருத்தியவரும் கர்ப்பிணிகளும் தொடலாகாது. சுவர் மின்சாரத்தை ஒருபோதும் தண்ணீரில் விடலாகாது, அது மரணம். மருத்துவர் சொன்ன கருவி மட்டுமே ஏற்றது.

நான்காம் வாரம் என் கைகள் உலர்ந்தன. நிறுத்தினால் மீண்டும் வியர்க்கும். ஆதலால் வாரம் ஒருமுறை தொடர்கிறேன். தட்டுகளின் முன் அமரும்போதெல்லாம், வேலையை இழந்தும் சொல்லை இழக்காத அந்த ஆசிரியரை நினைத்துக்கொள்கிறேன். இப்போது நண்பர் கை நீட்டினால் நானும் நீட்டுகிறேன்.