உண்ணியின் குட்டை உடைத்தவர்

குழந்தைகளே, மாட்டின் காதிலும் மடியிலும் ஆமணக்கு விதை போல ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சின்ன உயிர் பெரிய மாட்டையே சாய்த்துவிடும் என்று நிரூபித்தவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் தியோபால்ட் ஸ்மித். 1859-ல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தார். டாக்டருக்குப் படித்துவிட்டு, வாஷிங்டனில் அரசின் கால்நடைத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. தென் மாநிலங்களிலிருந்து வடக்கே ஓட்டி வரப்படும் மாடுகள் நன்றாகவே இருக்கும். ஆனால், அவை மேய்ந்த இடத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகளுக்குச் சில வாரங்களில் காய்ச்சல் வரும். சிறுநீர் சிவப்பாகப் போகும். பல மாடுகள் செத்து விழும். இதற்கு டெக்சாஸ் காய்ச்சல் என்று பெயர்.

உண்ணிதான் காரணம் என்றார்கள் மாடு வளர்ப்பவர்கள். படித்தவர்கள் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஸ்மித் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்.

1889-ல், கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவருடன் சேர்ந்து, உண்ணி உள்ள தெற்கத்தி மாடுகளை வடக்கத்தி மாடுகளுடன் ஒரு வேலிக்குள் விட்டார். இன்னொரு வேலிக்குள், உண்ணிகளைக் கையால் பிடுங்கிய பிறகு விட்டார். முதல் வேலியில் வடக்கத்தி மாடுகள் நோயில் விழுந்தன. இரண்டாவதில் எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை!

நோயுற்ற மாட்டின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவ ஒட்டுண்ணிகள் இரண்டிரண்டாக இருந்தன. அவை அணுக்களை உடைத்ததால்தான் சிறுநீர் சிவந்தது. தெற்கத்தி மாடுகளோ கன்றாக இருக்கும்போதே இந்த நோயைத் தாங்கிப் பழகியவை.

ஆய்வுக்கூடத்தில் பொரித்த உண்ணிக் குஞ்சுகளை மாட்டின் மேல் விட்டபோதும் நோய் வந்தது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி வந்திருந்தது!

1893-ல் முடிவுகள் வெளியாயின. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நம் நாட்டின் செகந்திராபாத்தில் கண்டது அதற்குப் பிறகு, 1897-ல்தான். அமெரிக்காவில் 1906-ல் உண்ணி ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து, 1943-க்குள் பெரும்பாலான இடங்களில் நோயை விரட்டினார்கள். ஸ்மித் 1934-ல் மறைந்தார்.

இன்றும் கால்நடை மருத்துவர்கள் காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, இந்த ஒட்டுண்ணியைத் தேடுகிறார்கள்.

மாடு மேய்ப்பவர் சொல்லைக்கூட ஸ்மித் அலட்சியப்படுத்தவில்லை. அதே சமயம், சோதிக்காமல் நம்பவும் இல்லை. நீங்களும் அப்படி இருப்பீர்கள்தானே?