தோழமை காத்த தளபதி ஷா நவாஸ் கான்

பெரகல மலைச்சரிவிற் கொழுந்து கொய்வோரின் முன்னோர் தென்னகத்தினின்று இங்கு வந்ததுபோலவே, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோரும் பலர். அவர்களுட் பலர் 1943ஆம் ஆண்டு நேதாஜியின் அழைப்பைக் கேட்டுப் பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினர். அச்சேனைத் தளபதிகளுள் ஒருவரை நம் மாணாக்கர் அறிதல் நன்று.

ஷா நவாஸ் கான் 1914ஆம் ஆண்டு ராவல்பிண்டி மாவட்டத்திற் பிறந்தவர். பிரித்தானிய இந்தியப் படையிற் கப்டனாயிருந்த அவர், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து பர்மாப் போர்முனையில் நின்றார். 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் அவரும் தோழர் பிரேம் சாகலும் குர்பக்ஷ் சிங் தில்லோனும் ஒருங்கே விசாரிக்கப்பட்டனர். முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரும் ஒரே கூண்டில் நின்றமை கண்டு தேசம் கொதித்தெழுந்தது. ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை பெற்றும், 1946 ஜனவரியில் மூவரும் விடுதலையாயினர்.

தேசப் பிரிவினையாற் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. அவரோ இந்தியாவையே தேர்ந்து, 1952இல் மீரட் பகுதியினின்று பாராளுமன்றம் புகுந்தார்.

கடுஞ்சோதனை 1956இல் வந்தது. நேதாஜியின் முடிவை ஆராயும் குழுவுக்கு அவரே தலைவரானார். 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தைப்பேயில் நிகழ்ந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் எனக் குழுவின் பெரும்பான்மையோர் முடிவுசெய்தனர். நேதாஜியின் தமையனார் சுரேஷ் சந்திர போஸ் உடன்பட மறுத்தார். பழைய அன்பர் பலரும் நம்பவில்லை. உயிரினும் மேலாக நேசித்த தலைவர் இனித் திரும்பார் எனக் கூறும் பொறுப்பு அத்தோழருக்கே வாய்த்தது.

அவர் 1983இலும், சாகல் 1992இலும், தில்லோன் 2006இலும் மறைந்தனர். நேசத்திற்காக உண்மையை மறையாத அந்நெஞ்சுரத்தையே நாம் போற்றுகின்றோம்.