டி. பூன்

டென்னிஸ் டேல் பூன் (ஏப்ரல் 1, 1958 – டிசம்பர் 22, 1985) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிதார் கலைஞரும் பாடகரும் ஆவார். மினிட்மென் என்னும் பங்க் இசைக்குழுவின் மூலம் அறியப்பட்டவர்.

இளமை

கலிபோர்னியாவின் துறைமுகப் பகுதியான சான் பீட்ரோவில், உழைப்பாளர் குடும்பத்தில் வளர்ந்தார். சிறுவயதில் பூங்கா ஒன்றில் மரத்திலிருந்து குதித்தபோது மைக் வாட் அறிமுகமானார். மகனுக்குக் கிதார், அவனது தோழனுக்கு பேஸ் கிதார் என்று முடிவு செய்தவர் பூனின் தாயார். அவர் 1978இல் காலமானார்.

இசைப்பாணி

இருவரும் 1980இல் மினிட்மென் குழுவைத் தொடங்கினர். விரைவிலேயே ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ் வாசிக்க இணைந்தார். அக்காலப் பங்க் குழுக்களில் கிதாரின் பேரொலி ஏனைய கருவிகளை மூடிவிடுவது வழக்கம். பூனோ தம் கிதாரில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கூர்மையான மேலொலிகளையே ஒலிக்கச் செய்தார். இதனால் பேஸ், டிரம்ஸ் இரண்டும் தெளிவாகக் கேட்டன. மூவருக்கும் சம இடம் என்ற அவரது அரசியல் கருத்தே இதற்கு அடிப்படை. ஃபங்க், ஜாஸ் தாளங்களும் கலந்த இப்பாடல்களுள் பல ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1984இல் வெளிவந்த டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம் என்ற இரட்டை இசைத்தட்டில் 40க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அதிலுள்ள கொரோனா பாடலின் இசை 2000இல் ஜாக்கஸ் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையானது. பூனின் பெயரை அறியாமலே அதைக் கேட்டவர்கள் ஏராளம்.

மறைவு

அரிசோனாவில் பயணம் செய்தபோது, காய்ச்சலால் வேனின் பின்புறம் படுத்திருந்த பூன், வண்டி சாலையை விட்டு விலகிய விபத்தில் தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27. குழுவும் அத்துடன் முடிவுற்றது. மனமுடைந்த வாட் இசையையே கைவிட எண்ணினார். ஒகையோவிலிருந்து தேடிவந்த இரசிகர் எட் கிராஃபோர்டின் வற்புறுத்தலால் 1986இல் வாட்டும் ஹர்லியும் அவருடன் ஃபயர்ஹோஸ் குழுவை அமைத்தனர். அதன் முதல் இசைத்தட்டு பூனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.