பியேர் சொன்னரா: கல்மரம் கண்ட பிரெஞ்சுக்காரர்

கஜானாவில் பொன் குறைந்தால் கணக்கன் வந்து சொல்லிவிடுவான். வயலில் மண் குறைந்தால் சொல்வாரில்லை. மழைதோறும் நம் மேல்மண் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உழுது வாழ்வோர் இந்த நஷ்டத்தைக் கருதிப் பார்க்கும் பொருட்டு, புதுவையோடு தொடர்புடைய பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை நூலாரின் சரித்திரத்தை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சொன்னரா 1748-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிறந்தார். 1768-ல் மொரீஷியஸ் தீவை அடைந்து, அங்கே பேரதிகாரியாயிருந்த தம் உறவினர் பியேர் புவாவரிடம் பணிக்கமர்ந்தார். குடியேறியவர்கள் கண்டபடி காட்டை அழித்ததால், அத்தீவின் மலைச்சரிவுகள் மொட்டையாகி வந்த காலம் அது. 1769-ல் புவாவரின் நிர்வாகத்தில் பிறந்த சட்டம், ஒவ்வொருவர் நிலத்திலும் நாலிலொரு பங்கு காடாகவே இருக்க வேண்டுமென்றும், முக்கியமாகச் செங்குத்தான சரிவுகளில் மரங்களைக் காக்க வேண்டுமென்றும் விதித்தது. மண் அரிப்பைத் தடுக்கவென்று எழுந்த ஆதிச் சட்டங்களுள் அதுவும் ஒன்று. அத்தகைய ஆசானின் நிழலிலே சொன்னரா இயற்கையைக் கற்றார்.

1774 முதல் 1781 வரை அரசன் ஆணைப்படி இந்தியாவிலும் சீனத்திலும் சஞ்சரித்து, கண்டவற்றை 1782-ல் நூலாக வெளியிட்டார். புதுவைக்கு வடமேற்கே சங்கராபரணிக் கரையிலுள்ள திருவக்கரையில் மரங்கள் கல்லாய்க் கிடக்கும் அதிசயத்தை ஐரோப்பியருக்கு முதலில் அறிவித்தவர் அவரே என்பர். அவருடைய சாட்சியம் முழுவதும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. நியூகினியைப் பற்றி 1776-ல் வெளியிட்ட நூலில், அங்கில்லாத பெங்குவின் முதலிய பறவைகளையும் அங்குள்ளனவாக எழுதிவிட்டார். ஆனால் திருவக்கரை விஷயத்தில் கல்லே சாட்சியாகக் கிடக்கிறது.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்த அம்மரங்கள் மணலில் புதையுண்டன. ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா அணு அணுவாக உட்புகுந்து மரத்தைக் கல்லாக்கிற்று. பிறகு, மூடியிருந்த மணற்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து அரிபட, கல்மரங்கள் வெளிப்பட்டன. வக்கிராசுரனின் எலும்புகளென்று ஜனங்கள் சொல்லி வந்தவை இவையே. புதைந்ததைக் காட்டிக்கொடுத்த அதே அரிப்புத்தான், தடுப்பாரில்லாத இடத்தில், பயிருக்கு ஆதாரமான மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகிறது. ஓரங்குல மண் உண்டாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அது போவதற்குச் சில பருவமழைகள் போதும்.

சொன்னரா 1786-ல் இந்தியாவுக்குத் திரும்பி, பின்னர் ஏனாமின் நிர்வாகத்தை ஏற்றார். 1793-ல் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று, அவரும் கைதியானார். 1813-ல்தான் தாயகம் திரும்ப முடிந்தது. மறு ஆண்டே பாரிஸில் காலமானார். நமது காட்டுக்கோழி இனமொன்று சாஸ்திரத்தில் அவர் பெயரைத் தாங்குகிறது. அலையாத்தி மரங்களில் ஓரினத்துக்கும் அவர் பெயரே இடப்பட்டது. அவர் ஆண்ட ஏனாமுக்கருகே, கோரிங்கா சேற்று நிலத்தில் அவ்வின மரங்கள் இன்றும் வேரூன்றி மண்ணைப் பிடித்து நிற்கின்றன.

மலையில்லாத நாட்டில் அரிப்பேது என்று யாரும் அலட்சியம் செய்யலாகாது. மேட்டு மண் கரைந்தால் வயலும் கெடும். அது வந்து படிந்து ஏரியும் தூரும். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் தூர்ந்தபின் வாய்க்காலைக் குறை கூறிப் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பை உயர்த்தல், ஓடைக்கரையில் பனை நடுதல், கோடையில் ஏரி வண்டலை வெட்டி வயலில் அடித்தல் ஆகியவை நம் முன்னோர் அறிந்த முறைகளே. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது பள்ளம் பறிந்து கட்டாந்தரையாய்க் கிடந்த செம்மேடு, வரப்பாலும் மரத்தாலும் இன்று காடாகியிருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் அதை நேரில் சென்று பார்க்கலாம். பார்த்துத் திரும்பும் ஒவ்வொருவரும், அடுத்த ஐப்பசி மழைக்கு முன் தம் ஊர் ஓடைக்கரையைச் சீர்செய்ய முன்வர வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.